கண்டல் வேரில் சிக்கிய கரண்டிவாயன்

என் கண்களில் வெண்புரை வளர்ந்தது எனக்கே தெரியாமல்தான். முதலில் எழுத்துகள் மங்கின. வெளிச்சம் போதாது என்று நினைத்து வீட்டு மின்குமிழ்களை மாற்றச் சொன்னேன். பிறகு தெருவில் வருகிறவர்களின் முகங்கள் மங்கின. ஒருநாள் பக்கத்து வீட்டு மதிலில் காயப் போட்டிருந்த சாக்கைப் பார்த்து, "என்ன அக்கா, வெய்யிலுக்கை நிக்கிறியள்?" என்று கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. அந்த அக்காவுக்கு என்னோடு ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்தேன். கிணற்றடியில் நின்ற என் கணவர் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் எதைக் கண்டேன் என்று சொன்னாலும், "சாக்கோ, ஆளோ?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

சிரித்துக்கொண்டுதான் கேட்பார். நானும் சிரிப்பேன். ஆனால் மெல்ல மெல்ல, எதையாவது கண்டேன் என்று சொல்வதையே நிறுத்திக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் முதலில் வலது கண்ணையும், சில மாதம் கழித்து இடது கண்ணையும் சத்திரசிகிச்சை செய்தார்கள். முதல் கண்கட்டை அவிழ்த்த அந்தக் காலையை எப்படிச் சொல்வது? வாட்டு யன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் நின்றது. அதற்கு இலைகள் இருந்தன. ஒவ்வொன்றாக, தனித்தனியாக, அரிவாளின் பல்போன்ற ஓரங்களோடு. எத்தனையோ வருடங்களாக மரம் என்றால் எனக்குப் பச்சைப் புகைதான். என்னைக் கூட்டிப்போக வந்திருந்த மச்சாளின் கையைப் பிடித்து, "மச்சாள், இலை!" என்றேன். ஓய்வுபெற்ற நேர்ஸ் அவர். எத்தனை கண்கட்டு அவிழ்த்ததைப் பார்த்திருப்பார்! "ஓம் பிள்ளை, இலைதான்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மச்சாள் என் கணவரின் அக்கா. கலியாணம் செய்யாதவர். உடுப்பிட்டியில் எங்களுடைய வளவுக்கு அடுத்த வளவில் இருக்கிறார். நாங்கள் மூவரும் ஒரே கிணறு, ஒரே மெதடிஸ்த கோயில், பெரும்பாலும் ஒரே அடுப்பு.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாவற்றையும் பார்த்தேன். சமையலறை மூலையில் இருந்த அழுக்கைப் பார்த்து வெட்கப்பட்டேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சற்றுநேரம் இருந்துவிட்டேன்; அது அவ்வளவு மாறியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முற்றத்தில் புலுனிக் குருவிகள் கூட்டமாக வந்து சண்டை பிடித்தன. அவற்றின் கண்கள் வெளிறிய நிறம் என்பதை அறுபது வயதில் கண்டுபிடித்தேன். லண்டனில் இருக்கும் மகள் இதைக் கேட்டுவிட்டு ஒரு பைனாக்குலர் அனுப்பினாள். அதை உடனே என் கணவர் எடுத்துக்கொண்டார். கருவி எதுவானாலும் அவர்தான் பொறுப்பு.

நான் புத்தூரில் படிப்பித்த காலம் முழுவதும் பஸ்ஸில் வல்லை வெளியைக் கடந்துதான் போய்வந்தேன். மழைக்காலம் முடிந்த மாதங்களில் வெளியெங்கும் தண்ணீர் விரிந்து கிடக்கும். தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும், நடக்கும், சிலவேளை எல்லாமாக எழும்பும். பஸ் அங்கே நிற்காது. நெரிசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, யாருடைய தோளுக்கு மேலாகவோ எட்டிப் பார்ப்பேன். பறவைகள் என்று தெரியும். என்ன பறவைகள் என்று தெரியாது. இப்போது அவற்றைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை சின்னப் பிள்ளைக்கு வருவது போல வந்து பிடித்துக்கொண்டது.

தென்மராட்சிப் பக்கத்தில் கடல்நீரேரிக் கரையோரமாக, கண்டல் காட்டுக்குள் நடந்து போகப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், முடிவில் ஏறிப் பார்க்க ஒரு கோபுரமும் கட்டியிருக்கிறார்கள் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஒருக்கால் போய்ப் பாப்பமே?"

"கொக்கு எங்கடை வயலுக்கையும் நிக்குதப்பா" என்றார் என் கணவர். "அதைப் பாக்கத் தென்மராட்சிக்குப் போகவேணுமே?"

"அங்கை நிக்கிறது கொக்கு மட்டுமில்லையாம்."

"சேறு, நுளம்பு, வெய்யில். உமக்கு வேறை வேலை இல்லை."

அவர் அரசாங்கக் கச்சேரியில் கோப்பு எழுதும் இலிகிதராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் வெளியே போவதானால் அயன் பெட்டியால் மினுக்கிய சேர்ட், மினுக்கிய நீளக் காற்சட்டைதான். காலில் மண் பட்டால் வாசலிலேயே நின்று தண்ணீர் கேட்பார். அவரைச் சேற்றுக் கரைக்குக் கூட்டிப்போவது லேசில்லை. ஆனால் மச்சாள் இருக்கிறாரே. "தம்பி, சனிக்கிழமை போறம். ஓட்டோவுக்கு எண்ணெய் அடிச்சு வை" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். ஓட்டோ எங்களுடையது. ஓய்வுபெற்ற கையோடு என் கணவர் அதை வீட்டுத் தேவைக்கென்று வாங்கினார். வழியில் யாராவது கைகாட்டினால் ஓட்டோக்காரன் என்று நினைத்துவிட்டார்களே என்று கொதிப்பார்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை காலை புறப்பட்டோம். நானும் மச்சாளும் பின்னால். மடியில் சாப்பாட்டுக் கூடை, சுடுதண்ணீர்ப் போத்தல். வல்லை வெளியில் வழக்கமாக ஆளைத் தள்ளும் காற்று அன்று இல்லை. புத்தூரில் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து திரும்பித் தென்மராட்சிப் பக்கம் போகும் வீதியில் தோட்டங்கள் முடிந்து, பனைகள் அருகி, உப்புத் தரை தொடங்கியது. பிறகு இரண்டு பக்கமும் தண்ணீர்.

பாதை தொடங்கும் இடத்தில் காக்கிச் சட்டையோடு ஒரு காவலாளி இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், அந்த ஊர்க்காரர். அவருக்குப் பின்னால் பறவைகளின் படங்கள் வரைந்த பெரிய பலகை. நான் அதன்முன் நின்று ஒவ்வொன்றாக வாசித்தேன். கூழைக்கடா, செங்கால் நாரை, நெடுங்கால் உள்ளான். ஒரு வெள்ளைப் பறவையின் கறுப்புச் சொண்டு நுனியில் அகலித்து, சட்டிக்குள் போடும் அகப்பையைப் போலவே இருந்தது. கீழே 'கரண்டிவாயன்' என்று எழுதியிருந்தது. பெயரைக் கேட்டு மச்சாள் சிரித்தார்.

"பலகையை விட்டு இறங்கக் கூடாது அம்மா" என்றார் காவலாளி. "சேறு ஆளை விழுத்தும். பறவையளும் வெருளும்."

"நாங்கள் ஏன் இறங்கப் போறம்?" என்றார் என் கணவர், தன் சப்பாத்தைப் பார்த்தபடி.

பலகைப் பாதை கண்டல் மரங்களுக்குள் வளைந்து வளைந்து போனது. மரங்கள் வேர்களை ஊன்றிச் சேற்றுக்கு மேலே எழுந்து நின்றன. சேற்றில் விரல்நகம் அளவு நண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பெரிய கையைத் தூக்கித் தூக்கி ஆட்டியது. நான் ஒவ்வொரு அடிக்கும் நின்றேன். பார்க்கிறதுக்கு அவ்வளவு இருந்தது. ஒரு நீலத்தைக் கண்டேன், அது மீன்கொத்தி. இலைக்கு அடியில் ஒரு பச்சைப் பூச்சியைக் கண்டேன். பின்னால் என் கணவர் நுளம்பு அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இப்பிடி நிண்டு நிண்டு போனால் பின்னேரம்தான் போய்ச் சேருவம்."

"நீ முன்னாலை போ தம்பி" என்றார் மச்சாள். "அவள் பாக்கட்டும்."

கோபுரத்துக்கு ஏறியபோது அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். புதிதாகக் கலியாணம் கட்டிய ஒரு சோடி; பொம்பிளை தரையில் இழுபடும் நீண்ட சட்டை, மாப்பிள்ளை வேட்டி, தோளில் பொன்னிறக் கரைபோட்ட சால்வை. அவர்களைப் படம் எடுக்க ஒரு கமராக்காரத் தம்பி முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸோடு நின்றான். "அவுட்டோர் எடுக்கினம்" என்று மச்சாள் என் காதுக்குள் சொன்னார். நாங்கள் அவர்களுக்கு இடம் விட்டு மற்ற மூலைக்குப் போனோம்.

அங்கிருந்து பார்த்தேன்.

தண்ணீர் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளித் தகடு போலக் கிடந்தது. கூழைக்கடாக்கள் வள்ளங்கள் மாதிரி மிதந்தன. செம்மஞ்சள் முகமும் முதுகில் இளஞ்சிவப்பும் கொண்ட நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. அவற்றுக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கூட்டம், தலைகளைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, இடமும் வலமும் வீசியபடி வரிசையாக நடந்தது. ஒன்று தலையைத் தூக்கியது. சொண்டின் நுனி அகப்பை.

"கரண்டிவாயன்!" என்று கத்திவிட்டேன். பொம்பிளை திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கவலையில்லை. பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருடம் எட்டிப் பார்த்த புள்ளிகள்! அவற்றுக்குச் சொண்டு இருந்தது, பிடரியில் குஞ்சம் இருந்தது, பெயர் இருந்தது. மச்சாள் என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

இன்னும் இன்னும் பார்க்க வேண்டும் என்று கண்ணைக் கரையோரமாக ஓட்டிக்கொண்டு வந்தேன். எங்களுக்கு இடது பக்கம், கண்டல் ஓரத்தில், கூட்டத்தை விட்டுத் தனியாக ஒரு வெள்ளை தெரிந்தது. அது நிற்கவில்லை, தொங்கியது. ஒருமுறை அடித்துவிட்டு ஓய்ந்தது. பிறகு மறுபடியும் அடித்தது.

"இஞ்சாருங்கோ, அந்தக் கண்டலடியிலை ஒரு பறவை கொழுவுப்பட்டுக் கிடக்குது."

அவர் பைனாக்குலரை உயர்த்தினார். "எது? உதோ? உது சொப்பிங் பாக்."

"இல்லை, பறவை."

"சொப்பிங் பாக்தானப்பா. காத்துக்கு அடிபடுது."

"காத்து எங்கை? இலை ஒண்டும் ஆடேல்லையே. பாக் மட்டும் எப்பிடி ஆடும்?"

அவர் பைனாக்குலரை இறக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். "சாக்கோ, ஆளோ?"

மச்சாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எனக்கு வெள்ளையா ஒண்டு தெரியுது பிள்ளை. அவ்வளவுதான்."

வேறொரு காலமாக இருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. நான் கண்டது எனக்குத் தெரியும். வேப்பிலையின் பல்லைக் கண்டவள், புலுனியின் கண்ணைக் கண்டவள், பறவையின் செட்டையைக் காணமாட்டேனா?

கமராக்காரத் தம்பியிடம் நேரே போனேன். அவன் மாப்பிள்ளையின் நாடியை உயர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தம்பி, குறை நினைக்காதை. உந்த லென்ஸாலை அந்தக் கண்டலடியை ஒருக்கால் பார் அப்பன்."

அவன் மாப்பிள்ளையைப் பார்த்தான். மாப்பிள்ளை நாடியை இறக்கிக்கொண்டு, "பாருங்கோ, எனக்கும் கழுத்து நோகுது" என்றார். தம்பி லென்ஸைத் திருப்பினான். ஒரு படம் எடுத்து, கமராவின் பின்புறத்தில் அதைப் பெருப்பித்தான். எல்லாரும் குனிந்தோம். பெருப்பித்துக்கொண்டே போனான். வெள்ளை பெரிதாகியது, இறகாகியது. பிறகு அவன் விரல் அப்படியே நின்றது.

"அன்ரி" என்றான் மெதுவாக. "இதுக்குக் கண் இருக்கு."

சிவந்த கண். கறுப்பு அகப்பைச் சொண்டு பாதி திறந்திருந்தது. ஒரு கால் வேரோடு இறுகிக்கிடந்தது, செட்டை ஒன்று தலைகீழாக விரிந்திருந்தது.

என் கணவர் அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு பைனாக்குலரின் நடுச் சில்லைத் திருப்பிப் பார்த்தார். அது திரும்பும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

மச்சாள் கோபுரத்தின் கம்பியைப் பிடித்து, வாசல் பக்கம் திரும்பி, "இஞ்சை ஓடி வாங்கோ!" என்று குரல் கொடுத்தார். நோயாளர் நிறைந்த வாட்டை ஒரே சத்தத்தில் அடக்கிய குரல் அது. காவலாளி பலகைகள் அதிர ஓடிவந்தார். படத்தைக் காட்டினோம். "தங்கூசி" என்றார் உடனே. மீன்பிடிக்கும் மெல்லிய நைலோன் நூல். அறுந்த வலைத்துண்டு ஏதோ தண்ணீரோடு அடிபட்டு வந்து வேரில் சிக்கியிருக்கும், இரை தேடி வந்த பறவை அதில் காலை விட்டிருக்கும்.

அவர் தன் மேலதிகாரிக்கு அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி போனைப் பிடித்தார். அதிகாரி கடல்நீரேரியின் மற்றக் கரைத் தொங்கலில் நின்றார். வந்து சேர மதியம் ஆகும் என்றார்.

"அதுவரைக்கும் இது இராது சேர்" என்றார் காவலாளி. "களைச்சுப்போச்சு."

அதிகாரி சொன்னார்: "அப்ப நீங்களே இறங்குங்கோ. முதல்லை தலையைத் துணியாலை மூடவேணும், இருட்டினால் அடங்கும். செட்டையை உடம்போடை சேர்த்துப் பிடியுங்கோ. இழுக்காதேங்கோ, நூலை வெட்டுங்கோ. கால் எலும்பு சுள்ளி மாதிரி, சட்டெண்டு முறிஞ்சிடும். ஆரும் உதவிக்கு இருக்கினமோ?"

"நான் வாறன்" என்றார் மச்சாள். "ஊசிக்குப் பயந்து உதறுற பிள்ளையளை எத்தினை வருசம் அமத்திப் பிடிச்சனான்."

"நானும்" என்றேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார் என் கணவர். "அறுபது வயசிலை சேத்துக்கை இறங்கப் போறீரோ?"

"தங்கூசி கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

தலையை மூடத் துணி வேண்டுமே என்று நான் கூடையைப் பார்க்கும் முன்னரே பொம்பிளை மாப்பிள்ளையின் தோளிலிருந்த சால்வையை இழுத்தெடுத்து, "இந்தாங்கோ அன்ரி" என்று நீட்டினாள். மாப்பிள்ளை தடுக்க நினைத்தாரோ என்னவோ, அதற்குள் அது மச்சாளின் கையில் இருந்தது.

பறவை கிடந்த இடத்துக்கு ஆகக் கிட்டவாகப் பாதை வளையும் இடத்தில் இறங்கினோம். காவலாளி முன்னால், கையில் தடி. சேலையை முழங்காலுக்கு மேல் உயர்த்திச் செருகிக்கொண்டு மச்சாள், பிறகு நான். முதல் அடியிலேயே சேறு என் காலை முழங்கால் வரை விழுங்கியது. செருப்பு ஒன்று உள்ளே போனது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. சேறு குளிர்ந்து, வழுவழுத்து, சிறுவயதுக்குப் பிறகு என் உடம்பு அறியாத ஒன்றாக இருந்தது. சிப்பி ஓடுகள் காலைக் கீறின. ஒரு வேரிலிருந்து அடுத்த வேருக்குக் கைமாற்றிக் கைமாற்றிப் போனோம். மூச்சு வாங்கியது. "மெல்லமா, மெல்லமா" என்று காவலாளி சொல்லிக்கொண்டே இருந்தார்.

எங்களைக் கண்டதும் பறவை வெறிகொண்டு உதறியது. சொண்டு படபடவென்று அடித்துக்கொண்டது. மச்சாள் நிற்கவில்லை. "சரி ராசா, சரி, ஒண்டுமில்லை, முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே போய், சால்வையை அதன் தலையில் போட்டு, செட்டைகளை ஒடுக்கி, முழுவதையும் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அது அடங்கியது. அவ்வளவு பெரிய பறவை எவ்வளவு பாரமில்லாமல் இருந்தது என்று மச்சாள் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் குனிந்தேன். வெய்யில் இலைகளுக்குள்ளால் விழுந்த இடத்தில் நூல் மினுங்கியது. ஒன்றல்ல, பலது, காலைச் சுற்றி, செட்டையின் கீழால், வேரைச் சுற்றி. மூட்டுக்கு மேலே ஒன்று தசைக்குள் இறங்கி இரத்தம் காய்ந்திருந்தது. காவலாளி தன் கத்தியை நீட்டினார். பெரிய கத்தி. அதை அந்த மெல்லிய காலுக்குக் கிட்டக் கொண்டுபோக எனக்குத் துணிவு வரவில்லை.

அப்போதுதான் என் கணவரின் ஓட்டோத் திறப்புக் கோர்வையில் தொங்கும் நகவெட்டி நினைவுக்கு வந்தது. திரும்பிக் கத்தினேன்.

"நகவெட்டியை எறியுங்கோ!"

அவர் பலகை ஓரத்தில் நின்றார். கையை ஓங்கினார். பிறகு இறக்கினார். "எறிஞ்சால் சேத்துக்கை போயிடும்!"

"அப்ப கொண்டு வாங்கோ!"

கோபுரத்தில் பொம்பிளையும் மாப்பிள்ளையும் கம்பியில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கமராக்காரத் தம்பியின் லென்ஸ் எங்கள் பக்கம் இருந்தது. என் கணவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறைகளைச் சுருட்டி அவற்றுக்குள் வைத்தார். காற்சட்டையின் கீழ்ப்பகுதியை அழகாக மடித்தார். நகவெட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினார்.

நாலாவது அடியில் வழுக்கி, அப்படியே குந்திவிட்டார். சேறு இடுப்பு வரை. அவர் எழும்பினார். மினுக்கிய சேர்ட்டில் கறுப்புச் சேறு வழிந்தது. நகவெட்டி பல்லிலேயே இருந்தது. நேரே என்னிடம் வந்து சேர்ந்தார்.

"இந்தாரும்" என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கினேன். "தம்பி, சொண்டைப் பிடி" என்று மச்சாள் கட்டளையிட்டார். என் கணவர் சால்வைக்குள் கையைவிட்டு அந்த அகப்பையை இரண்டு விரலால் பிடித்தார், கோப்பையின் காதைப் பிடிப்பது போல அவ்வளவு பதமாக.

நான் வெட்டினேன். ஒரு நூல், பிறகு அடுத்தது. எங்கே முடிகிறது, எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று எனக்கு எல்லாம் தெரிந்தது. தசைக்குள் இறங்கியதை மட்டும் விரல்நகத்தால் மெல்ல உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். கடைசி நூல் அறுந்ததும் கால் தானாக மடிந்தது.

"எலும்பு முறியேல்லை" என்றார் மச்சாள், தடவிப் பார்த்து. "புண் ஆறும்."

காவலாளி தடியால் ஆழம் பார்த்து வழிகாட்ட, கண்டலுக்கு வெளியே தண்ணீர் தெளிந்த இடத்துக்கு அதைக் கொண்டுபோனோம். மச்சாள் குனிந்து, அதன் கால்கள் தரையில் படும்படி விட்டு, சால்வையை எடுத்துக்கொண்டு பின்வாங்கினார். நாங்களும் பின்வாங்கினோம்.

அது நின்றது. சரிந்தது. செட்டையை ஊன்றி மீண்டும் நின்றது. பறக்கவில்லை.

"செட்டையிலை பிழையோ?" என்று என் கணவர் முணுமுணுத்தார். அவருடைய கை என் தோளைப் பிடித்திருந்தது. நான் மனதுக்குள் செபம் செய்தேன், சொற்கள் இல்லாமல்.

பறவை இறகை உதறியது. ஓர் அடி வைத்தது, அடுத்த அடி வைத்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, சொண்டைத் தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமும் வீசத் தொடங்கியது. பசி!

"சாப்பிடுது!" என்றார் மச்சாள். "இனிப் பிழைக்கும்."

சிறிது தூரம் அப்படியே மேய்ந்துகொண்டு போனது. தூரத்தில் கூட்டம் எழும்பியது, ஏன் என்று தெரியாது. இதுவும் தலையைத் தூக்கிப் பார்த்தது. செட்டைகளை விரித்தது. ஓடியது, தண்ணீர் தெறித்தது, கால்கள் தண்ணீரை விட்டன. கழுத்தை ஈட்டி போல நீட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலால் ஒரு வட்டம் போட்டுத் திரும்பியது. வெய்யில் அதன் இறகுகளுக்குள்ளால் தெரிந்தது. ஒவ்வொரு இறகும் எனக்குத் தெரிந்தது.

"போயிட்டுது! போயிட்டுதப்பா, போயிட்டுது!" என்று ஒரு சத்தம். பார்த்தால் என் கணவர், சேற்றுக் கைகள் இரண்டையும் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு துள்ளுகிறார். கோபுரத்திலிருந்து கைதட்டலும் விசிலும் வந்தன. காவலாளி தொப்பியைக் கழற்றி ஆட்டினார். நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது, இரண்டும்தான். மச்சாள் பொன்னிறக் கரைபோட்ட சால்வையால் முகத்தைத் துடைத்தார். முகம் முழுக்கச் சேறானது.

காவலாளியின் குடிலுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினோம். சேறு முழுதாகப் போகவில்லை. கூடையைத் திறந்தோம்: புட்டு, கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல். மூவருக்குக் கொண்டுவந்ததை ஏழு பேர் சாப்பிட்டோம். பொம்பிளை தன் நீண்ட சட்டையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் அமர்ந்து, கையால் குழைத்துச் சாப்பிட்டாள். மாப்பிள்ளை சேற்றுச் சால்வையைக் கழுவக் கூடாது, அப்படியே வைத்திருக்கப்போகிறேன் என்றார். கமராக்காரத் தம்பி படங்களைக் காட்டினான். ஒன்றில் மச்சாளின் நெஞ்சோடு சால்வைக்குள் பறவை. ஒன்றில் நான் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நகவெட்டியோடு.

"அன்ரிதான் முதல்லை கண்டவ" என்று அவன் காவலாளிக்குச் சொன்னான். "நாங்கள் இவ்வளவு நேரமும் அங்கை நிண்டனாங்கள், காணேல்லை."

"ஓம்" என்றார் என் கணவர், கறிச்சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல். "இவவின்ரை கண் நல்ல கண்."

கணவாய்த் துண்டு ஒன்றை எடுத்து அவருடைய தட்டில் வைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் இராப்போசனம். பீடத்தின் முன் மற்றவர்களோடு நானும் மச்சாளும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்றோம். அப்பமும் இரசமும் வாங்கியாயிற்று, மற்றவர்கள் எழும்பிப் போனார்கள். எங்களால் எழும்ப முடியவில்லை. சேற்றுக்குள் நடந்ததில் தொடை, முதுகு, கெண்டைக்கால் எல்லாம் கட்டையாக இறுகிவிட்டன. மச்சாள் என் தோளைப் பிடித்தார், நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன். இரண்டு பேரும் பாதி எழும்பி மறுபடி முழங்காலுக்கே போனோம். குருவானவர் கிண்ணத்தோடு காத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, சிரியாதை" என்றார் மச்சாள், உதட்டை அசைக்காமல்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். எங்கள் வாங்கு வரிசையில் இருந்து என் கணவர் நொண்டி நொண்டி வந்தார். ஒரு கையால் தன் அக்காவையும் மறு கையால் என்னையும் பிடித்துத் தூக்கினார். மூவருமாக ஆளை ஆள் தாங்கிக்கொண்டு, முழுச் சபையும் பார்க்க, நடுப்பாதையால் எங்கள் வாங்குக்குத் திரும்பினோம்.